கேட்டுட்டுத் தொட்டவங்க

இப்போல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனாலே எனக்குக் கோவந்தான் வருது. போன மாசம் முட்டி வலின்னு போனேன். அந்த டாக்டர் பையன் என் மூஞ்சியக்கூடப் பார்க்கலை. செல்போனைப் பார்த்துக்கிட்டே காலைப் புடிச்சு ஒரு மடக்கு மடக்கினான், உயிரு போயி உயிரு வந்துச்சு. "ஏம்பா, தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா"ன்னு கேட்டேன். "சொன்னா மட்டும் வலிக்காதா பாட்டி"ன்னு சிரிக்கிறான். வலிக்கும்டா. ஆனா அது வேற வலி. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், ஏன்னா ஒரு காலத்துல செஞ்சியில ஒரு டாக்டரம்மா இருந்தாங்க.

ரேஷன் கடை வாசல்ல அரிசிக்கு ஜனங்க அடிச்சுக்கிட்டுக் கெடந்த வருஷங்க அது. அப்பத்தான் அவங்க வந்தாங்க. தெக்கத்திக்காரங்க. ஒல்லியா, கருப்பா இருப்பாங்க. மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கிட்டே இருக்கும், அத்த நடுவெரலால மேல தள்ளிக்கிட்டே பேசுவாங்க. வேகவச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, இருந்தாப் போதும், சோறு தண்ணி வேணாம். மேசை டிராயரு முழுக்க மல்லாட்டைத் தோலு கெடக்குதுன்னு நர்சம்மா தினம் திட்டுவாங்க. நாங்க 'இன்னா'ங்கறதைப் பார்த்து அவங்களும் கொஞ்ச நாள்ல 'இன்னா'ன்னு ஆரம்பிச்சாங்க. அது அவங்க வாயில ஒட்டவே இல்லை. நாங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். அதைப் பார்த்து அவங்களும் சிரிப்பாங்க.

அவங்ககிட்ட ஒரு பழக்கம். யாரா இருந்தாலும் சொல்லாமத் தொட மாட்டாங்க. "இப்போ நான் இன்னா பண்ணப் போறேன்னு சொல்லிடட்டுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. முழுசா சொல்லி முடிச்சிட்டு, "தொடலாமா"ம்பாங்க. பதில் வர்ற வரைக்கும் கை நகராது. கைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போனாலும் அதோட மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, "பட்டு, காதைப் பார்க்கலாமா"ன்னு கேப்பாங்க. அது இன்னாத்தச் சொல்லும்? ங்கான்னு ஒரு சத்தம் போடும். அதுக்கப்புறந்தான் பார்ப்பாங்க.

எங்க தெருவுல ஒரு பெரியவருக்குத் துடையில கட்டி. பழுத்து, உக்கார முடியாம ஆடிக்கிட்டே போனாரு. இந்தம்மா கத்தி இது, பஞ்சு இது, இங்க கீறுவேன், இவ்ளோ ஆழம், சீழு வரும், அப்புறம் எரியும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. "தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும், கதை சொல்லாம கீறி வுட்டுடு"ன்னு அவரு கும்பிடறாரு. "முழுசாக் கேட்டாத்தான் கீறுவேன்"னு சொல்லிட்டாங்க. கீறினதைவிட கேட்டதுதான்யா வலின்னு அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. அடுத்த வருஷம் இன்னொரு கட்டி வந்தப்ப, அவங்க லீவுல இருக்காங்கன்னு தெரிஞ்சு, வலியைப் பொறுத்துக்கிட்டு அவங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால, வேலியோரமா ஒரு தகரக் கொட்டாய் இருந்துச்சு. கெணத்துல விழுந்தவங்க, தூக்கு மாட்டிக்கிட்டவங்க, மலை மேல இருந்து சறுக்கி விழுந்தவங்க, இப்படிப்பட்ட பொணத்தையெல்லாம் அங்கதான் போட்டு அறுத்துப் பார்ப்பாங்க. போலீஸ் கேஸு, டாக்டர் பார்த்து எழுதணும்னா ஊர்ல எல்லாருக்கும் அந்தக் கொட்டாய்தான் தெரியும். உயிரோட இருக்கறவங்களைப் பார்த்து எழுதற பார்வையும் இருக்குதுன்னு எங்களுக்கு யாரு சொன்னா? அங்க வேலை பார்த்த வாட்ச்மேன் ஒரு நாள் சொன்னாரு, அந்தம்மா பொணத்துக்கிட்டகூட, "ஏம்மா, பார்க்கப் போறேன், கோவிச்சுக்காதே"ன்னு சொல்லிட்டுத்தான் கை வைக்கிறாங்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கலை. பைத்தியக்கார டாக்டருன்னு நெனைச்சேன்.

என் அக்கா ஜொரத்துல செத்துப் போயி, அவ மக செல்வி பனமலைப் பக்கம் அவ அப்பன் வீட்டுலயே இருந்துச்சு. மாமா, மாமாவோட அண்ணன், அண்ணன் சம்சாரம்னு கூட்டுக் குடித்தனம். எங்க வீட்டுல நானும், நான் நைனான்னு கூப்புடற எங்க அப்பாவும்தான். அம்மா போயிச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. பொங்கலுக்குப் புள்ளையைக் கொண்டாந்து வுட்டுட்டுப் போனாரு மாமா. காணும் பொங்கல் கழிச்சு வந்து கூட்டிக்கிட்டுப் போறதாப் பேச்சு.

தலைக்கு எண்ணெ வச்சு ஊத்தலாம்னு சட்டையைக் கழட்டச் சொன்னேன். கழட்டிட்டு செவுத்தோட முதுகை ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. இழுத்துத் திருப்பிப் பார்த்தா, முதுகெல்லாம் தடம். பழசு, புதுசு. "இன்னாடி இது"ன்னேன். "வுழுந்துட்டேன் சின்னம்மா"ன்னுச்சு. மறுபடி கேட்டேன், அதே வார்த்தை, அதே ராகம், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. தண்ணி மொள்ள சொம்பைத் தூக்கினேன், ரெண்டு கையாலயும் தலையை மறைச்சுக்கிச்சு. நான் அங்கியே உக்காந்து அழுதுட்டேன்.

நைனாகிட்டச் சொன்னேன். அவரு மல்லாட்டைக் கொல்லைக்குப் போயி சும்மா நின்னுட்டு வந்தாரு. அப்புறம் எங்களுக்குத் தெரிஞ்ச ஏட்டய்யாகிட்டப் போயி விசாரிச்சோம். அவரு தெளிவாத்தான் சொன்னாரு. "பெத்த அப்பன் வந்து என் புள்ளையைக் குடுன்னா, நீங்க தர மாட்டேன்னு சொல்றதுக்கு எதாவது வேணும். டாக்டரம்மா பார்த்து எழுதிக் குடுத்தாங்கன்னா ஸ்டேஷன்ல வச்சுப் பேசலாம். இல்லேன்னா அனுப்பித்தான் ஆவணும்." அவ்ளோதான் விஷயம். செல்வி எங்ககூட இருக்கறதா, அந்த வீட்டுக்கே திரும்பிப் போறதாங்கறது அந்தப் பார்வையிலதான் நின்னுச்சு.

வீட்டுக்கு வந்ததும் நைனா என் மேல பாஞ்சாரு. "பச்சப் புள்ளையை அந்தக் கொட்டாயில போட்டு அறுக்கச் சொல்றியா? அவனுங்க அடிச்சது பத்தாதா உனக்கு?" நெஜமாவே அப்படித்தான் நெனைச்சாரு. நான் மட்டும் இன்னா? ஆறாவது வரைக்கும் படிச்சவ. உயிரோட இருக்கறவங்களைக் கொஞ்சமா அறுப்பாங்க போல இருக்குதுன்னு நானும் நம்பினேன். இப்போ நெனைச்சா சிரிப்பு வருது. அன்னிக்குத் தூக்கமே வரலை.

மறுநாள் நான் மட்டும் போயி டாக்டரம்மாகிட்ட இதைக் கேட்டேன். அவங்க சிரிக்கலை. கண்ணாடியை மேல தள்ளிக்கிட்டு, "பிள்ளை இப்போ வேணாம். முதல்ல உங்க நைனாவைக் கூட்டிட்டு வாங்க, அவருக்குச் சொல்லணும்"னாங்க. நைனா முறைச்சுக்கிட்டேதான் வந்தாரு. பார்க்கப் போற ரூமுக்குள்ள எங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி, ஒவ்வொன்னாத் தொட்டுக் காட்டினாங்க. "கட்டில் இதுதான். வெளக்கு இது. இது அளவு பார்க்கிற ஸ்கேலு. கத்தி இல்லை, ஊசி இல்லை. நல்லாப் பார்த்துக்குங்க." நைனா குனிஞ்சு கட்டிலுக்கு அடியிலகூடப் பார்த்தாரு.

"தலையில இருந்து கால் வரைக்கும் கண்ணாலதான் பார்ப்பேன். எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, எந்த நிறம்னு நான் சொல்லச் சொல்ல நர்சம்மா எழுதுவாங்க. சட்டையை மொத்தமாக் கழட்ட மாட்டேன். பார்க்கிற இடத்தை மட்டும் தெறந்து, பார்த்ததும் மூடிடுவேன். உங்க பொண்ணு கூடவே நிக்கலாம். பிள்ளை போதும்னா நிறுத்திடுவேன்."

"யாரு பண்ணாங்கன்னு தெரிஞ்சிடுமாம்மா?"

"அது தெரியாதுங்க. இன்னா நடந்துச்சுன்னுதான் உடம்பு சொல்லும். சில நேரம் அதையும் சொல்லாது, ஆறிப் போயிருக்கும். ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதினா, ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம் இல்லை. அப்பவும் நீங்க பிள்ளையை நம்பணும். இன்னொண்ணு, அவரு அடிச்சாரா, இவரு அடிச்சாரான்னு வீட்டுல நோண்டாதீங்க. அதுவா சொன்னாக் கேட்டுக்குங்க. இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லுன்னு சொல்லிக் குடுக்கவே கூடாது."

நைனாவுக்கு இன்னும் நம்பிக்கை வரலை. அதை அவங்க கவனிச்சிட்டாங்க. "உங்க கையைப் பார்த்துக் காட்டட்டுமா? தொடலாமா?" நைனா அரை மனசா கையை நீட்டினாரு. திருப்பித் திருப்பிப் பார்த்து, ஸ்கேலை வச்சு அளந்து, "இது அரிவா பட்டது, பல வருஷம் ஆச்சு. இந்தப் பக்கம் இருக்கறது கொதிக்கிற எண்ணெயோ தண்ணியோ தெறிச்சது. கட்டைவெரல்ல இருக்கறது போன வாரந்தான், முள்ளு"ன்னாங்க. நைனா அசந்து போயிட்டாரு. "பொண்டாட்டி இருந்தப்ப அவளுக்குக்கூட இதெல்லாம் தெரியாதும்மா"ன்னாரு. எனக்கு அந்த நெலமையிலயும் சிரிப்பு வந்துடுச்சு.

அடுத்த நாள் செல்வியைக் கூட்டிக்கிட்டுப் போனோம். காணும் பொங்கல் முடிஞ்சிடுச்சு, மாமா எந்த நேரமும் வந்து நிப்பாரு. டாக்டரம்மா நாற்காலியை வுட்டுட்டுத் தரையில உக்காந்தாங்க. நைனாவுக்குச் சொன்னதையெல்லாம் செல்விக்குச் சின்னச் சின்ன வார்த்தையில சொன்னாங்க. பொறுமையா, ஒன்னு வுடாம. சொல்லிட்டு, "உன் முதுகைப் பார்க்கலாமா"ன்னு கேட்டாங்க.

"வேணாம்"னுச்சு செல்வி.

"சரி"ன்னு எழுந்துட்டாங்க.

நைனாவுக்கு வந்துச்சு பாரு கோவம். "இன்னாம்மா வெளையாட்டா இது? இன்னிக்கோ நாளைக்கோ அவ அப்பன் வந்துடுவான். சின்னப் புள்ளை வேணாம்னா வுட்டுடறதா? நான் புடிச்சுக்கிறேன், நீங்க பாருங்க." எனக்கும் அப்படியே இருந்துச்சு. இந்தம்மாவோட கிறுக்குக்கு எங்க புள்ளை பலியான்னு மனசுக்குள்ள திட்டினேன்.

டாக்டரம்மா நைனாவைத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போயி, கொரலை ஒசத்தாமச் சொன்னாங்க. "வேணாம்னு சொன்னா வுட்டுடுவாங்கன்னு இந்தப் பிள்ளை இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. இன்னிக்கு ஒரு தடவை பார்க்கட்டுமே. அவங்க அப்பா வந்தா, நான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்னு சொல்லி நிறுத்தி வைங்க. ஏட்டய்யாகிட்ட நான் பேசிக்கறேன்."

திரும்பி வர்ற வழியில செல்வி என் கையைப் புடிச்சுக்கிட்டு நடந்துச்சு. செட்டிகொளத்துக்கிட்ட வந்ததும், "சின்னம்மா, நெஜமாவே வுட்டுட்டாங்களா"ன்னு கேட்டுச்சு. "வுட்டுட்டாங்களே"ன்னேன். கொஞ்ச தூரம் போயி மறுபடியும் கேட்டுச்சு. சாப்புடும்போது மறுபடியும். "ஆமாண்டி, வுட்டுட்டாங்க, சாப்டு"ன்னேன். காலையில நான் எழுந்து பார்த்தா, மூஞ்சி கழுவி, பொங்கலுக்கு எடுத்த பாவாடையை அதுவே கட்டிக்கிட்டு, வாசப்படியில நிக்குது. "அந்த டாக்டர்கிட்டப் போலாமா சின்னம்மா?"

அன்னிக்கு டாக்டரம்மா ஸ்கேலை அது கையில குடுத்துட்டாங்க. வேணுங்கறப்ப கேட்டு வாங்குவாங்க, அளப்பாங்க, திருப்பிக் குடுப்பாங்க. முதுகு, தோளு, கையி, வவுறு. ஒவ்வொன்னுக்கும் கேட்டாங்க. காலுக்கு வேணாம்னுச்சு. வுட்டுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவே காலை நீட்டிச்சு. நடுவுல, யாரும் கேக்காமலே, "பெரியப்பா மாட்டுக் கயித்தை ரெண்டா மடிச்சு வச்சிருப்பாரு"ன்னு சொல்லுச்சு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. நான் அடங்கிட்டேன். "அப்படியா"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டு, அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னாங்க நர்சம்மாவை.

என்னையும் கூட்டிக்கிட்டு, நைனா காத்துக்கிட்டு இருந்த எடத்துக்கு, திரைக்கு வெளிய வந்து எங்ககிட்டச் சொன்னாங்க. "ஓடி வெளையாடி விழற பிள்ளைக்கு முட்டியில, முழங்கையில, நெத்தியில அடி படும். முதுகுல இப்படி விழாது. இது மடிச்ச கயிறு பட்ட தடம். எல்லாம் ஒரே நாள்ல பட்டதும் இல்லை." அப்புறம் நைனா பக்கம் திரும்பி, "வயித்துல சூடு வச்ச தழும்பு இருக்கு. அது?"ன்னு கேட்டாங்க.

"அதுவும் அவனுங்க வச்சதுதாம்மா"ன்னாரு நைனா, கொஞ்சங்கூட யோசிக்காம.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. செல்வி பொறந்து சில மாசத்துல மாந்தம் வந்து, வவுறு ஊதி வீல் வீல்னு கத்தினப்ப, மஞ்சளைச் சுட்டு வயித்துல வச்சது நைனாதான். எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் வைக்கிறதுதான். அக்கா புள்ளையைப் புடிச்சுக்கிட்டா, நான் வெளக்கு காட்டினேன். அதைச் சொன்னா டாக்டரு நம்மளையும் சேர்த்து எழுதிடுவாங்க, புள்ளை கையைவுட்டுப் போயிடும்னு நைனாவுக்குப் பயம்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னாங்க. "இது சுட்ட மஞ்சள் வச்சதுங்க. பிள்ளை வளர வளர தழும்பும் கூடவே விரிஞ்சிருக்கு. கைக்குழந்தையா இருக்கறப்ப வச்சிருக்கணும்."

நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. "நான்தாம்மா வச்சேன்."

"இதை அவங்க மேல போட்டீங்கன்னா, நாளைக்கு அவங்க சாட்சியோட வந்து இது தாத்தா வச்சதுன்னு நிரூபிச்சிடுவாங்க. அப்புறம் முதுகுல இருக்கறதையும் யாரும் நம்ப மாட்டாங்க. முதுகுல இருக்கறது உண்மை. அதைக் கெடுத்துடாதீங்க."

"அப்போ நானும் அந்தப் புள்ளையைச் சுட்டவந்தானேம்மா"ன்னு நைனா அழ ஆரம்பிச்சிட்டாரு. நான் பொறந்ததுல இருந்து அவரு அழுது பார்த்ததில்லை. டாக்டரம்மா பரவாயில்லைன்னு சொல்லலை. "நீங்க அது பொழைக்கணும்னு வச்சீங்க. ஆனா அதுக்கு வலிச்சிருக்கும். இனிமே யாருக்கும் வைக்காதீங்க"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, அவருகிட்டயும் கேட்டாங்க, "மாந்தத்துக்காகத் தாத்தா வச்சதுன்னு எழுதட்டுமா?" நைனா மேல்துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, "எழுதுங்க"ன்னாரு.

மாமா வந்தாரு. ஏட்டய்யா, பேசி முடிக்கிற வரைக்கும் புள்ளை இங்கதான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாரு. இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு பேச்சு மாசி மாசம் வரைக்கும் இழுத்துச்சு. கடைசியில ஒரு நாள் எல்லாரையும் ஸ்டேஷன்ல உக்கார வச்சு, டாக்டரம்மா எழுதினதை ஏட்டய்யா படிச்சாரு. மாமாவோட அண்ணன் எழுந்து நின்னு, "இவங்க இன்னா யோக்கியமா? கைக்குழந்தை வயித்துல சூடு வச்சவங்க. தொறந்து பாருங்க"ன்னு கத்தினாரு. ஏட்டய்யா தலையைத் தூக்கலை. "அதுவும் இதுலயே இருக்குது. தாத்தா வச்சதுன்னு அவரே சொல்லி எழுதியிருக்குது. இப்போ நீ கயித்தைப் பத்திச் சொல்லு"ன்னாரு. அந்த ஆளு பழையபடி உக்காந்துட்டாரு. மாமா அண்ணனைத் திரும்பியே பார்க்காம, "புள்ளை அங்கியே இருக்கட்டும்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. வீட்டுல நடந்ததெல்லாம் அந்த மனுஷனுக்கு முன்னயே தெரியும். அதுக்கு இன்னிய வரைக்கும் நான் அவரை மன்னிக்கலை. அண்ணன் மேல கேஸு நடந்துச்சு. செல்வி எங்க வீட்டுல வளர்ந்துச்சு.

ஸ்டேஷன்ல இருந்து நேரா செல்வியை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புள்ளை எங்களுக்கே வந்துடுச்சும்மான்னு சொல்லணும். அந்த மூஞ்சியைப் பார்க்கணும். அந்த நாற்காலியில ஒரு ஆம்பளை டாக்டர் உக்காந்திருந்தாரு. நர்சம்மா என்னை ஓரமாக் கூப்புட்டு, "மாத்தலாயிப் போயிட்டாங்கம்மா, ஒரு வாரம் ஆவுது"ன்னாங்க. எந்த ஊருக்குன்னு கேட்டேன். மதுரைப் பக்கம்னாங்க. அப்புறம் ஒருத்தரு தஞ்சாவூர்னாரு. அவங்க பேரைச் சொல்லி விசாரிக்கலாம்னா, எனக்குப் பேரே தெரியாது. டாக்டரம்மா, டாக்டரம்மான்னே கூப்புட்டுக் காலத்தை ஓட்டிட்டோம். எங்க தெருவுல எல்லார் பேரும் அவங்களுக்குத் தெரியும்.

செல்விக்கு இப்போ பேரப்புள்ளைங்க இருக்குது. போன தீபாவளிக்கு வந்திருந்தா. ரெண்டு பேரும் முறுக்கு சுத்திக்கிட்டு இருந்தோம். இத்தனை வருஷமா கேக்காததைக் கேட்டேன். "ஏண்டி, அந்த டாக்டரம்மா உன்னைப் பார்த்தாங்களே, உனக்கு ஞாபகம் இருக்குதா?"

யோசிச்சா. "மூஞ்சி ஞாபகம் இல்லை சின்னம்மா. ஜன்னல் வழியா மலை தெரிஞ்சுச்சு. கோட்டை செவுரு மேல ஒரு ஆடு ஏறி நின்னுச்சு, அத்தப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பெரியப்பா அடிச்சது ஒவ்வொன்னும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. அந்த ரூம்ல மட்டும் எதுவும் வலிச்சதா ஞாபகமே இல்லை."

சொல்லிட்டு அவ மாவைப் பெசைய ஆரம்பிச்சிட்டா. அந்தம்மா இருந்தா தொண்ணூறு வயசாச்சும் ஆயிருக்கும். எந்த ஊர்ல, எந்தத் தெருவுலன்னு தெரிஞ்சா, இந்த முட்டியை வச்சுக்கிட்டாவது பஸ் ஏறிப் போயி, அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு வலிக்கவே இல்லையாம், டாக்டரம்மான்னு அவங்ககிட்டச் சொல்லிட்டு வந்துடுவேன்.